இ-ஸ்கூலின் ரிப்போர்ட் கார்டைப் பார்த்துப் பயந்துவிட்டோம்

வாசகர் கடிதம்:

“ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. அக்டோபரிலிருந்து காலையில் வயிற்றுவலி, தலைசுற்றல் என்று பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். முழுக்க ஆன்லைனிலேயே நடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி (இங்கே இ-ஸ்கூல் என்பார்கள்) ஒன்றில் அவனைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். கட்டணம் இல்லை, கம்ப்யூட்டரும் அவர்களே தருகிறார்கள். கணவர் அந்தப் பள்ளியைப் பற்றி மாநில அரசு வெளியிடும் ரிப்போர்ட் கார்டைத் திறந்து காட்டினார். கிராஜுவேஷன் விகிதம் எங்கள் மாவட்டப் பள்ளியை (எங்கள் பகுதியின் வழக்கமான அரசுப் பள்ளியை) விட எவ்வளவோ கீழே. ‘அங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்’ என்கிறார். ஆசிய மாணவர்கள் வரிசையில் எண்ணே போடவில்லை. நம் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லையா? நாளைக்குக் காலேஜ் அட்மிஷனில் இது குறையாகத் தெரியுமா? நான் வேலைக்குப் போகவில்லை, பகலில் வீட்டில்தான் இருக்கிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கணவர் கேட்பது ஒன்று, நீங்கள் கேட்பது ஒன்று. மூன்றாவதை உங்கள் மகன் தன் வயிற்றின் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறான். பள்ளிக் கவுன்சிலராக இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததில் மூன்றாவதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனாலும் எண்களைப் பற்றிய பயத்தைத் தெளிய வைக்காமல் அதற்குப் போனால் உங்கள் வீட்டில் பேச்சு நகராது. அதனால் ரிப்போர்ட் கார்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிராஜுவேஷன் விகிதம் என்று போட்டிருக்கிறார்களே, அது எப்படி வருகிறது தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளை ஒரு கூட்டமாக எடுத்துக்கொள்வார்கள். நடுவில் வேறு பள்ளிக்கு மாறியவர்களைக் கழிப்பார்கள், புதிதாக வந்தவர்களைக் கூட்டுவார்கள். நான்கு வருடத்துக்குள் அதில் எத்தனை பேர் டிப்ளமோ வாங்கினார்கள் என்பதுதான் அந்த எண். (தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சான்றிதழ்.) நாடு முழுக்க இந்த விகிதம் 87 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. முழுநேர ஆன்லைன் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்தால் அதைவிடப் பல படி கீழே.

இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒஹாயோவில் டிப்ளமோவுக்குக் குறைந்தது 20 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளி) வேண்டும், வருடத்துக்கு ஐந்து என்று வையுங்கள். ஒரு பையன் சாதாரணப் பள்ளியில் இரண்டரை வருடம் தடுமாறி, ஐந்தாறு கிரெடிட்டோடு பதினொன்றாம் வகுப்பு ஜனவரியில் ஆன்லைன் பள்ளிக்கு வருகிறான். மிச்சம் இருப்பது ஒன்றரை வருடம். அவன் எப்படி முடிப்பான்? முடிக்காவிட்டால் அந்தத் தோல்வி கடைசியாக அவன் பெயர் இருந்த பள்ளியின் கணக்கில்தான் ஏறும். இரண்டரை வருடம் அவனை வைத்திருந்த பள்ளியின் பட்டியல் சுத்தமாக இருக்கும். அவனே இன்னொரு வருடம் உட்கார்ந்து படித்து டிப்ளமோ வாங்கினாலும் நான்கு வருட விகிதத்தில் அவன் தோற்றவன்தான். ஐந்து வருட விகிதம் என்று பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் தாமதமாக வந்த பிள்ளைகளைக் கரை சேர்க்கிற வேலையும் அங்கே கொஞ்சம் நடக்கிறது என்று அர்த்தம்.

நமக்கு இது புதிதா என்ன? ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பேனர் கட்டும் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே சில பெற்றோரைக் கூப்பிட்டு, “டி.சி. வாங்கிக்குங்க, பிரைவேட்டா எழுதட்டும்” என்று தணிந்த குரலில் சொல்வதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகளைப் பட்டியல் போட்டு அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது, ஆனால் பேனர் நிற்கவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அமெரிக்கப் பள்ளியிலும் அதே குரலைக் கேட்டிருக்கிறேன். “உங்கள் மகனுக்கு ஆன்லைன்தான் சரிப்படும்” என்று அம்மாக்களிடம் சொல்வார்கள். கேட்கும்போது அக்கறையாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சு பெரும்பாலும் கிரெடிட் குறைந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம்தான் நடந்தது என்பதைக் கவனிக்க எனக்கே இரண்டு வருடம் ஆனது.

ஆகவே அந்தக் கிராஜுவேஷன் எண் பள்ளி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதைவிட, யார் எந்த நிலைமையில் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. உங்கள் கணவர் அவசரப்பட்டுவிட்டார் என்று இதை வைத்து அவரிடம் சொல்லலாம். ஆனால் முழுக்க ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அடுத்ததையும் படியுங்கள்.

“ஏழைப் பிள்ளைகள், ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகள் வருகிறார்கள், அதனால்தான் எங்கள் மதிப்பெண் குறைவு” என்று ஆன்லைன் பள்ளிகள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகின்றன. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆன்லைன் பள்ளியில் இருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, அதே வகுப்பு, அதே இனம், அதே பொருளாதார நிலை, போன தேர்வில் கிட்டத்தட்ட அதே மதிப்பெண் உள்ள ஒரு சாதாரணப் பள்ளிப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2015-இல் இப்படித்தான் ஒப்பிட்டது. ஆன்லைன் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) பிள்ளைகள் ஒரு வருடத்தில் வாசிப்பில் 72 நாள் படிப்பும் கணிதத்தில் 180 நாள் படிப்பும் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் பள்ளி ஆண்டே 180 நாள்தான். கணிதத்தைப் பொறுத்தவரை அந்த வருடம் பள்ளிக்கே போகாததற்குச் சமம். அதே மையம் 2023-இல் மறுபடி பார்த்தபோது 58 நாளும் 124 நாளும் என்று வந்தது. கொஞ்சம் தேறியிருக்கிறார்கள், ஆனால் மகிழும்படி இல்லை.

ஒத்த பிள்ளைகளோடு ஒப்பிட்ட பிறகும் இவ்வளவு இடைவெளி என்றால் ‘வருகிறவர்கள் அப்படி’ என்ற சாக்கு பாதிதான் செல்லும். மீதிப் பாதியை நானே விட்டுக்கொடுக்கிறேன், உங்கள் மகனையே உதாரணமாக வைத்து. போன வசந்தகாலத் தேர்வில் அவன் மதிப்பெண் நன்றாகத்தான் இருந்திருக்கும். அக்டோபரில் ஆரம்பித்த வயிற்றுவலி எந்தத் தரவிலும் ஏறவில்லை. நாளைக்கு அவன் ஆன்லைன் பள்ளிக்குப் போனால் ஆராய்ச்சியாளர் அவனுக்கு ஜோடியாக, அதே மதிப்பெண் உள்ள, தினமும் பேருந்தில் ஏறிப் போகிற ஒரு பையனைத்தான் நிறுத்துவார். அடுத்த மே மாதம் உங்கள் பையன் பின்தங்கினால் அதற்குக் காரணம் பள்ளியா, அக்டோபரா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் ஏதோ ஓர் அக்டோபருக்குப் பிறகு வருகிறவர்கள்: கேலி, நோய், மனச்சோர்வு, வீட்டில் பிரச்சினை, குழந்தைப்பேறு.

பள்ளியின் பங்கு எதுவென்று கேட்டால் நான் கைகாட்டுவது நேரத்தை. கிரெடோ ஆய்வு வந்த அதே 2015-இல் மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் நாட்டின் ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தது. சாதாரணப் பள்ளியில் ஒரு நாளில் கிடைக்கும் நேரடிக் கற்பித்தல் நேரம்கூட வழக்கமான ஆன்லைன் பள்ளியில் ஒரு வாரத்தில் கிடைக்கவில்லை என்று கண்டார்கள். பிள்ளைகளைப் படிப்பில் பிடித்து வைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது என்று தலைமையாசிரியர்களே சொன்னார்கள். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை தானே படிக்க வேண்டும், அல்லது அம்மா படிக்க வைக்க வேண்டும். இந்தப் பள்ளிகள் அம்மாவுக்கு ‘லேர்னிங் கோச்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. சம்பளம் கிடையாது.

சரி, இப்போது ‘எப்படிப்பட்ட பிள்ளைகள்’ என்ற விஷயத்துக்கு வருவோம். கணவர் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தில் ஒரு படம் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டு வரவேற்பறைகளில் பள்ளி மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போது அந்தப் படம் அடிக்கடி தலைகாட்டும். ஒஹாயோவைப் பற்றியே நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜூன் ஆன், ஆண்ட்ரூ மெக்கீச்சின் என்ற இருவர் 2017-இல் வெளியிட்டது. இந்த மாநிலத்தில் இ-ஸ்கூல்களைத் தேடிப் போனவர்களில் கூடுதலாகத் தென்பட்டவர்கள் வருமானமும் மதிப்பெண்ணும் குறைந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். அதே நிலையில் இருந்த சிறுபான்மை இனப் பிள்ளைகள் கட்டடம் உள்ள சார்ட்டர் பள்ளிகளுக்குப் போனார்கள். ஊர்ப்புறத்தில் பள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரம், சார்ட்டர் பள்ளிகள் நகரங்களில் குவிந்திருக்கின்றன என்பதை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. கொரோனாவுக்குப் பிறகு வந்த கூட்டம் இன்னும் கலவையானது. எப்படியும் கணவர் மனத்தில் உள்ள படம் ஒஹாயோ தரவோடு பொருந்துவது கஷ்டம். (மதிப்பெண் விஷயத்தில் அந்த ஆய்வும் கிரெடோ சொன்னதைத்தான் சொன்னது: இ-ஸ்கூல் பிள்ளைகள் மற்ற இரு வகைப் பள்ளிப் பிள்ளைகளையும்விடப் பின்தங்கினார்கள்.)

ஏழ்மையைக் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பொதுவாக அது மதிய உணவுச் சலுகையை வைத்து வருவது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச உணவு, 185-க்குள் இருந்தால் குறைந்த விலையில் உணவு. அந்தப் படிவத்தை நிரப்பும் பிள்ளைகளைப் ‘பொருளாதாரத்தில் பின்தங்கியவர்’ என்று குறிப்பார்கள். ஆன்லைன் பள்ளியில் சாப்பாடே போடுவதில்லை. யார் மெனக்கெட்டுப் படிவம் நிரப்புவார்கள்? இன்னொரு பக்கம், ஏழைக் குடும்பங்கள் அதிகம் உள்ள பல மாவட்டங்களில் எல்லாப் பிள்ளைக்கும் இலவச உணவு என்ற திட்டம் இருக்கிறது, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏழைக் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எதுவும் தெளிவாகாது.

ஆசியர் வரிசையில் எண் இல்லாததற்குக் காரணம் எளிது. ஒரு பிரிவில் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால் விவரத்தை வெளியிட மாட்டார்கள். வெளியிட்டால் எந்தப் பிள்ளை தேறவில்லை என்று அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாணவர் விவரங்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. எனவே வெற்றிடம் என்றால் பூஜ்யம்தான் என்று பொருளில்லை, ஒன்பது வரை எதுவாகவும் இருக்கலாம். எண் போட்டிருந்தாலும் உங்களுக்கு விடை கிடைத்திருக்காது. ஆசியர் என்ற ஒரே கட்டத்தில் நம்மையும் போட்டு, பூட்டானிலிருந்து அகதிகளாக வந்து கொலம்பஸில் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கும் நேபாளி மக்களையும் போட்டிருப்பார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக் கதையும் ஒன்றா?

நம் ஆட்கள் ஏன் குறைவு என்று கேட்டால், என் ஊகம் இதுதான். நல்ல பள்ளி மாவட்டம் என்று தேடித் தேடி வீடு வாங்கி, பள்ளிக் கட்டணத்தை வீட்டு விலையிலேயே கட்டிவிட்ட குடும்பங்கள் நாம். அதை விட்டு வெளியேறுவது நம்மில் யாருக்கும் லேசில் வராது. ‘நம் பிள்ளைகள் இருக்கிறார்களா’ என்று நீங்கள் கேட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், துணை தேடும் மனம்தான் அப்படிக் கேட்கும். ஆனால் முழுநேர ஆன்லைன் பள்ளியில் பக்கத்து இருக்கை என்பதே இல்லை. அங்கே அவனோடு உட்காரப் போவது நீங்கள் மட்டும்தான்.

ரிப்போர்ட் கார்டில் அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஒஹாயோ கார்டில் ‘ப்ராக்ரஸ்’ என்று ஒரு பகுதி உண்டு, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. பிள்ளைகள் எந்த இடத்தில் ஆரம்பித்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, எதிர்பார்த்த அளவுக்கு வளர்ந்தார்களா என்று சொல்வது அது. மூன்று நட்சத்திரம் என்றால் வளர்ந்தார்கள். மற்ற எண்களைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஒரே வருடத்தை நம்பாமல் மூன்று வருடத்தைப் பக்கத்தில் வைத்து. ஒன்று இரண்டிலேயே நிற்கும் பள்ளியாக இருந்தால் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும்.

எண்ணைவிட மேலான விவரம் போன் போட்டுக் கேட்டால் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் நேரலை வகுப்பு? கட்டாயமா, விருப்பமா? பதிவுசெய்த வீடியோவைப் பார்த்தால் போதுமா? ஒரு கணித ஆசிரியர் கையில் எத்தனை பிள்ளைகள்? ஒரு வாரம் பையன் லாகின் செய்யாவிட்டால் யார் கூப்பிடுவார்கள், எத்தனையாவது நாளில்? கடைசிக் கேள்விக்கு உடனே தெளிவாகப் பதில் வராத பள்ளியில் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன். அப்புறம், சேர்க்கை ஆலோசகர் என்று பேசுகிறவர் விற்பனைக்கு உட்கார்ந்திருப்பவர். பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

சட்டமும் நீங்கள் நினைப்பதைவிட இறுக்கமானது. வருடத்துக்கு 920 மணி நேரப் படிப்பைக் காட்ட வேண்டும். தக்க காரணமில்லாமல் தொடர்ந்து 72 மணி நேரக் கற்றல் வாய்ப்புகளைத் தவறவிட்ட பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள். மாநிலத் தேர்வுகளை நேரில் போய் எழுத வேண்டியிருக்கலாம், பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் என்றால் வீட்டிலிருந்து 50 மைலுக்குள் ஓர் இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்யும். ஒரு பெரிய அறையில், தெரியாத பிள்ளைகள் நடுவே, நாள் முழுக்க. கூட்டத்தைக் கண்டால் வயிறு கலங்கும் பையனுக்கு இது சின்ன விஷயமில்லை. ‘ஆன்லைன்தானே, இரண்டு மாதம் ஊருக்குப் போய் அங்கிருந்தே படிக்கட்டும்’ என்று ஒரு யோசனையும் நம் வீடுகளில் வரும். கொலம்பஸில் குளிர்காலக் காலை ஒன்பது மணி வகுப்பு சென்னையில் இரவு ஏழரை. சேர்க்கையோ ஒஹாயோவில் வசிப்பவர்களுக்குத்தான். டிக்கெட் போடுவதற்கு முன் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இறுக்கம் வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2000-இல் இதே கொலம்பஸில் ஆரம்பித்த ஈகாட் என்ற இ-ஸ்கூல், சுமார் 15,000 பிள்ளைகள் என்ற அளவுக்கு வளர்ந்தது. பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்ற பதிவைக் காட்டு என்று மாநிலம் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்ட கணக்குக்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. 2015-16 ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 6 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 2018 ஜனவரியில், வருடத்தின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் அந்த மாதமே வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் மற்ற இ-ஸ்கூல்களுக்கு, குறைந்த கிரெடிட்டோடு, போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிகளின் அடுத்த சில வருட கிராஜுவேஷன் விகிதம் என்ன ஆகியிருக்கும் என்று நான் மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவில் 1997-லிருந்து அரசே நடத்தும் ஃபுளோரிடா வர்ச்சுவல் ஸ்கூலைப் பற்றி உங்கள் தோழிகள் யாராவது புகழ்ந்திருப்பார்கள். புகழ் நியாயமானதுதான். பிள்ளை பாடத்தை முடித்தால்தான் அந்தப் பள்ளிக்குப் பணம் என்ற ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் அங்கே படிப்பவர்களில் பெரும்பகுதியினர் தங்கள் பள்ளியில் இருந்துகொண்டே ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் ஆன்லைனில் எடுப்பவர்கள். அதுவும், பள்ளியையே முழுக்க ஆன்லைனுக்கு மாற்றுவதும் வேறு வேறு. உங்கள் மகனுக்கு எனக்குப் பிடித்த யோசனையும் அந்தப் பாதி வழிதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலேஜ் விஷயத்தில் கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ அதே ஒஹாயோ டிப்ளமோ. மாநிலத் தேர்வில் அல்ஜீப்ராவிலும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்திலும் 684 என்ற தகுதி மதிப்பெண், எல்லாருக்கும் பொது. அட்மிஷன் அலுவலகம் பார்ப்பது எந்தப் பாடங்களை எடுத்தான், எப்படி முடித்தான் என்பதை. பள்ளியின் சராசரியை அவன் தலையில் கட்ட மாட்டார்கள். ஆனால் ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) உண்மையிலேயே நடக்கின்றனவா, ஏட்டளவில்தானா என்று பாருங்கள். ஏ.பி. தேர்வையும் மே மாதம் நேரில்தான் எழுத வேண்டும், இடத்துக்கு முந்தைய நவம்பரிலேயே பதிவு செய்தாக வேண்டும், ஆன்லைன் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். காலேஜ் கிரெடிட் ப்ளஸ் திட்டத்தில் கல்லூரிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அதில் வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், தடுமாறிக்கொண்டிருக்கும் வருடத்தில் தொடாதீர்கள். டென்னிஸ் போன்ற விளையாட்டுகள் வேண்டுமென்றால் ஒஹாயோ சட்டப்படி இ-ஸ்கூல் பிள்ளையும் வீட்டருகே உள்ள மாவட்டப் பள்ளியில் சேர்ந்து செய்யலாம்.

இப்போது பையனுக்கு வருவோம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது நல்ல செய்தி. ஆனால் வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் பயம் வயிற்றில் வந்து உட்காருவது எங்களுக்குத் தினப்படி காட்சி. இதில் ஒரு சிக்கல், ஒரு நாள் வீட்டில் இருந்தால் வலி குறையும், அந்த நிம்மதி அடுத்த நாள் போவதை இன்னும் கடினமாக்கும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் தடித்துக்கொண்டே போகும். இந்த நிலையில் முழுநேர ஆன்லைனுக்கு மாற்றினால் முதல் மாதம் வீடே சொர்க்கமாக இருக்கும். மூன்றாம் மாதம் காமெராவை அணைத்துவிட்டுப் படுத்திருப்பான். அதற்குள் மாவட்டப் பள்ளியில் அவனைத் தெரிந்த ஆசிரியர்களோடு தொடர்பு அறுந்திருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. கேலியிலிருந்து தப்பி ஆன்லைனில் மலர்ந்த பிள்ளைகளையும், நீண்ட நோயோடு அங்கேயே நன்றாக முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பொதுவாக இருந்தது, எதிலிருந்து வெளியே வருகிறோம் என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் அது இன்னும் தெரியவில்லை. அக்டோபரில் என்ன நடந்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.

ஆகவே என் கருத்து: இந்த செமஸ்டர் நடுவில் மாற்றாதீர்கள். முதலில் மாவட்டப் பள்ளியின் கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், போனில் மட்டும் சொன்னால் போதாது. 504 திட்டத்துக்கு மகனை மதிப்பீடு செய்யுங்கள் என்று அதில் தெளிவாகக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு என்பதால் அந்தப் பெயர். பதற்றமும் அன்றாடத்தைக் கணிசமாகப் பாதித்தால் அதில் அடங்கும். தாமதமாக வர அனுமதி, கூட்டமில்லாத இடத்தில் சாப்பாடு, மூச்சு முட்டினால் கேட்காமல் எழுந்து போக ஓர் அறை, சில வாரங்களுக்குப் பாதி நாள் பள்ளி, இதெல்லாம் அதில் எழுதிக்கொள்ளலாம். மாவட்டமே சில பாடங்களை ஆன்லைனில் நடத்துகிறதா என்றும் கேளுங்கள். காலை இரண்டு பாடங்கள் வீட்டிலிருந்து, மீதி பள்ளியில் என்று ஆரம்பித்துத் தேறி வந்த பிள்ளைகள் என் கண்ணெதிரே இருக்கிறார்கள். கூடவே, பதின்வயதினரின் பதற்றத்தைக் கையாளும் ஒரு தெரபிஸ்டிடம் பெயர் கொடுத்து வையுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், இன்றைக்கே கொடுங்கள்.

இதெல்லாம் செய்தும் வழி பிறக்காவிட்டால் அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் இ-ஸ்கூலுக்குப் போகலாம். ஒரு செமஸ்டர் என்று வைத்துக்கொண்டு போங்கள், டிசம்பரில் கிரெடிட்டை எண்ணிப் பாருங்கள். நீங்கள் பகலில் வீட்டில் இருப்பது அப்போது பெரிய பலம்தான். ஆனால் அம்மாவும் நீங்களே, ஆசிரியரும் நீங்களே, வார்டனும் நீங்களே என்று மூன்று பேரை ஒரே ஆளிடம் பதினைந்து வயதுப் பையன் எத்தனை நாள் சகிப்பான் என்பதை யோசித்து, வாரம் இரண்டு நாளாவது அப்பா உட்கார வேண்டும் என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ரிப்போர்ட் கார்டை அவ்வளவு கவனமாகப் படிக்கிறவர் அல்ஜீப்ராவும் பார்ப்பார்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும் வரை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: எந்த நாள் வலி வந்தது, எந்த நாள் வரவில்லை, அன்றைக்கு முதல் வகுப்பு என்ன, மதியம் யாரோடு சாப்பிட்டான், எந்தப் பேருந்து. சனி, ஞாயிறையும் விடாமல் எழுதுங்கள். பள்ளி நாள்களிலேயே வலி வராத நாள் ஒன்றிரண்டு இருக்கும். அந்தத் தாளோடு போங்கள்.